உச்சி வெயிலும் பூட்டிய யன்னலும்

யாழ்ப்பாணத்தின் நேர் உச்சிக்குச் சூரியன் வருவது ஆண்டில் இரண்டு தடவை. ஏப்ரல் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒன்று. தெற்கே திரும்பும் வழியில், ஓகஸ்ட் கடைசியில் மற்றையது. 2021 இல் இந்த இரண்டு காலத்திலும் நாடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கலாம். புத்தாண்டுக்கு உடுப்பு வாங்கி, பலகாரம் சுட்டு, இனசனம் பார்த்து முடித்த கையோடு கொரோனாவின் மூன்றாவது அலை எழுந்தது. ஓகஸ்ட் கடைசியில் டெல்ரா திரிபு ஆட்டிப்படைத்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் பதிவான மரணங்கள் 200 ஐத் தாண்டின. நல்லூர்த் திருவிழா வழமையான பக்தர் கூட்டம் இல்லாமலே நடந்து முடிந்தது.

ஆகவே, “எங்கட வெயிலுக்கு இந்தக் கிருமி நிண்டுபிடியாது” என்று 2020 மார்ச்சில் தேநீர்க்கடைகளில் அடிபட்ட பேச்சு பொய்த்துப் போயிற்று என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். முடித்தும் விட்டோம். ஆனால் அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியைப் பிரித்தெடுக்காமல் முழுவதையும் சேர்த்துக் குப்பையில் கொட்டியதால், அடுத்த தொற்றுக்கு எதைச் செய்யவேண்டுமோ அதற்கு எதிர்த்திசையில் இப்போது கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உண்மையான பாதி இது. வெயில் கிருமியைக் கொல்லும் என்பது நேற்று வந்த செய்தியல்ல. 1877 இல் டவுன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர் வெயில் பட்ட குழாய்களில் பக்டீரியா வளராததைக் காட்டினார்கள். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த றொபேட் கொக், அந்தக் கிருமியும் வெயிலில் மடியும் என்று 1890 இல் சொன்னார். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் பின்சனுக்கு 1903 இல் நோபல் பரிசே கிடைத்தது. கொரோனா வைரஸும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வுகூடம் 2020 இல் செய்த சோதனையில், செயற்கை உமிழ்நீரில் கலந்து உலரவிட்ட வைரஸில் 90 சதவீதம், கோடை வெயிலுக்கு ஈடான ஒளியில் ஏழு நிமிடத்துக்குள் செயலிழந்தது. காற்றில் மிதக்கும் நுண்துளிகளிலும் பலமான ஒளியில் 20 நிமிடத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. இருட்டில் வைத்தபோது அது நெடுநேரம் தாக்குப்பிடித்தது. அந்தக் கணக்கு அமெரிக்காவின் 40 பாகை அகலக்கோட்டுக்கானது. 10 பாகைக்குள் இருக்கும் எங்களுக்கு வெயிலில் குறையே இல்லை.

பிறகு ஏன் அந்த அலைகள் வந்தன?

வெயிலுக்கு நிமிடங்கள் வேண்டும். மூச்சுக்கு விநாடிகள் போதும். எதிரே நின்று கதைப்பவரின் வாயிலிருந்து புறப்பட்ட காற்று எங்கள் மூக்குக்கு வந்துசேரும் நேரத்துக்குள் எந்தச் சூரியனாலும் எதையும் செய்ய முடியாது. இது ஒன்று. மற்றது இதைவிட எளிமையானது: நாங்கள் வெயிலில் இருப்பதே இல்லை. குளிர்நாட்டுச் சனத்தைப் பனி வீட்டுக்குள் தள்ளுகிறது; எங்களை வெயில் தள்ளுகிறது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற வீடு, கடை, கந்தோர், மண்டபம் என்று உள்ளே போகிறோம். உள்ளே ஏசி ஓடினால், குளிர் போய்விடக்கூடாது என்று யன்னலையும் சாத்திவிடுகிறோம். உச்சி வெயில் கூரை ஓட்டோடு நின்றுவிடுகிறது.

வெளியில் இருப்பது பாதுகாப்பு என்பதற்கான சான்று வெயில் பற்றிய சான்றைவிடப் பலமானது. சீனாவில் முதல் அலையின்போது, மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோருக்குத் தொற்றிய 318 கொத்தணிகளை ஹுவா சியானும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். 318 உம் கூரைக்குக் கீழே நடந்தவை. வெளியில் தொற்றியதாக அவர்கள் கண்டது ஒரேயொரு சம்பவம். ஊரில் வெளியே நின்று கதைத்த இருவர். பல ஆய்வுகளைத் திரட்டி 2021 இல் வெளிவந்த மீளாய்வு ஒன்று, மொத்தத் தொற்றில் வெளியில் நடந்தது பத்து சதவீதத்துக்கும் குறைவு என்றும், உள்ளே தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 19 மடங்கு என்றும் சொன்னது. இரவிலும் மப்பும் மந்தாரமுமான நாட்களிலும் வெளி வெளிதான். அங்கே பெரும்பங்கு வேலையைச் செய்வது காற்று. சோளகமோ வாடையோ, வாயிலிருந்து வந்ததை அள்ளிக்கொண்டு போய்க் கலைத்துவிடுகிறது. வெயில் அதற்குப் பின்னால் வந்து மிச்சத்தைத் துடைக்கிறது.

யாழ்ப்பாணத்தில் கொரோனாவின் கதை தொடங்கியதும் கூரைக்குக் கீழேதான். 2020 மார்ச் 15 அன்று அரியாலையில் உள்ள தேவாலயம் ஒன்றில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போதகர் ஆராதனை நடத்தினார். அவர் திரும்பிப் போன பின் அவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. மார்ச் 22 அன்று, அவரைச் சந்தித்துப் பேசிய தாவடி வாசி ஒருவர் மாவட்டத்தின் முதல் தொற்றாளராக இனங்காணப்பட்டார். தாவடி முடக்கப்பட்டது. ஆராதனைக்குப் போனவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். கொழும்பு, கம்பகா, களுத்துறை, புத்தளம், கண்டி ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் அதி அபாய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அப்போது எழுந்த பேச்செல்லாம் மதத்தைப் பற்றியது. யார் சபை, யார் போதகர், எங்கிருந்து காசு வந்தது என்று பத்திரிகைகளும் முகநூலும் பொங்கின. அந்தச் சந்திப்புகள் நடந்த அறைகளில் காற்றோட்டம் எப்படி இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. கூடிப் பாடுவதற்குச் சைவம், வேதம் என்ற வேறுபாடு இல்லை. அதே மாதம் 10 ஆம் திகதி அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் மண்டபத்தில் கூடிப் பாட்டுப் பயிற்சி செய்தார்கள். 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். பூட்டிய மண்டபத்தில் ஐம்பது பேர் தேவாரம் பாடினாலும் இதுவேதான் நடந்திருக்கும்.

சீனாவின் நிங்போ நகரில் நடந்ததை நல்லூரடியில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2020 ஜனவரி 19 அன்று அங்கே ஒரு பௌத்த ஆலய வழிபாட்டுக்கு இரண்டு பஸ்களில் ஆட்கள் போனார்கள். வழிபாடு பெரும்பாலும் திறந்த வெளியில் நடந்தது. பஸ்கள் இரண்டிலும் காற்றுச் சீராக்கி, உள்ளே இருந்த காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. நோயாளி இருந்த பஸ்ஸில் 68 பேர். அவரையும் சேர்த்து 24 பேருக்குத் தொற்று உறுதியானது. மற்றைய பஸ்ஸின் 60 பேரில் எவருக்கும் இல்லை. வழிபாட்டுக்கு வேறு வழிகளில் வந்த 172 பேரில் தொற்றியது 7 பேருக்கு. அத்தனை பேரும் ஒரே கோயில் வெளியில் நின்றவர்கள்தான். போய்வரும் வழி கோயிலைவிட ஆபத்தாக இருந்தது.

தேர் வீதியில் நெருக்கியடித்து நிற்பது ஆபத்தில்லை என்று நான் சொல்லவரவில்லை. தோளோடு தோள் உரசி அரோகரா போடும்போது காற்றுக்கும் வேலை செய்ய இடமில்லை. ஆனால் வடக்கு வீதியின் ஓரத்தில் மணலில் இருந்து கச்சான் உடைப்பவரையும், கண்ணாடியைப் பூட்டிய ஹயஸ் வானில் பதினான்கு பேராக வருபவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தது பிழை.

அந்தப் பிழையை ஊரே செய்தது. மைதானம் வெறிச்சோடியது, கடற்கரைக்குப் போனவரைப் பொலிஸ் திருப்பியனுப்பியது, ஒழுங்கையில் நடந்தவர் விசாரிக்கப்பட்டார். வெளியே நிற்பவன் கண்ணுக்குத் தெரிகிறான், அவனைப் பிடிக்கலாம். யன்னலைச் சாத்திக்கொண்டு எட்டுப் பேர் கரம் விளையாடும் வீடு கண்ணில் படாது. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் 28 அன்று இந்த நோய் காற்றில் பரவாது என்று அடித்துச் சொன்னது. 239 விஞ்ஞானிகள் அந்த யூலையில் பகிரங்கக் கடிதம் எழுதவேண்டி வந்தது. நிறுவனம் தன் இணையத்தளத்தில் விளக்கத்தைத் தெளிவாக மாற்றும்போது 2021 பிறந்து பல மாதமாகிவிட்டது. மேலிடமே அப்படியிருக்க, எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கைகழுவும் வாளியையும் சவர்க்காரத்தையும் கடைவாசலில் வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். கடையின் பின்கதவைத் திறந்துவிடச் சொல்ல அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரியாகச் செய்ததும் உண்டு. நெருக்கமான சந்தைகளின் வியாபாரம் சில இடங்களில் திறந்த மைதானங்களுக்கு மாறியது. சென்னையில் கோயம்பேடு சந்தை பெருங்கொத்தணியாகி, 2020 மே 5 அன்று மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசை வெளிக்குப் போனதும் இதே யோசனையில்தான். வெயிலும் மழையும் சேறும் வியாபாரிகளை வாட்டின, உண்மை. இங்கே அந்த ஆண்டு டிசம்பரில் மருதனார்மடம் சந்தைக் கொத்தணி வெளிப்பட்டபோது புரெவிப் புயலின் வெள்ளம் வடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. மழைக்குச் சனம் கூரைக்குக் கீழே ஒதுங்கியதுதான் காரணம் என்று எவரும் நிறுவவில்லை. என்றாலும், மாரிகாலத்துச் சந்தையில் படங்கைத் தாழ இறக்கிக் கட்டிவிட்டு, அதற்கடியில் ஈரச் சாக்கு மணத்தோடு வியாபாரம் நடக்கும் விதம் தெரிந்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் போகாது.

வெயில் என்றதும் விற்றமின் டி பற்றிய கேள்வியும் எழும். காலை வெயிலில் நின்றால் எதிர்ப்புச் சக்தி கூடும், கொரோனா அண்டாது என்று வட்ஸ்அப்பில் சுற்றியது. பிரித்தானியாவிலும் நோர்வேயிலும் ஆயிரக்கணக்கானோருக்கு விற்றமின் டியும் கொட் மீன் எண்ணெயும் கொடுத்து 2022 இல் வெளியிட்ட பரிசோதனை முடிவுகளில் தொற்று குறையவில்லை. காலை வெயில் எலும்புக்கு நல்லது. அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றவேண்டாம்.

காற்று வேறு, மருந்து வேறு என்பதைத் தமிழர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பட்டுத் தெளிந்தவர்கள். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும்தான் சிகிச்சை. காங்கேசன்துறையில் காசநோயாளருக்கு ஆஸ்பத்திரி இருந்தது பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் திறந்தவெளிச் சிகிச்சை நிலையம் நடத்திய டாக்டர் சௌரிமுத்து, 1928 இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். அங்கே ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். பிறகு மருந்து வந்தது. 1956 இல் சென்னையில் 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினரை நல்ல காற்றும் சாப்பாடும் ஓய்வும் உள்ள சானடோரியத்திலும், மறுபகுதியினரை நெருக்கமான அவர்களுடைய வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். சானடோரியங்களின் காலம் அதோடு முடிந்தது.

அதோடு இன்னொன்றும் முடிந்துவிட்டது. மருந்து நோயாளியைக் குணப்படுத்தும், சரி. மருந்து தொடங்குமுன் இருமிய இருமல் பக்கத்துக் கட்டில்காரனுக்குப் போகாமல் தடுப்பது எது? பழைய ஆஸ்பத்திரிகளின் உயர்ந்த கூரையும் ஆளுயர யன்னலும் அதற்காகத்தான். பெரு நாட்டின் லீமாவில் எஸ்கொம்ப் என்ற மருத்துவரின் குழு இதை அளந்து 2007 இல் வெளியிட்டது. 1950 க்கு முன் கட்டிய வார்டுகளில் யன்னல்களைத் திறந்தால் மணிக்கு 40 தடவை காற்று மாறியது. 1970 க்குப் பின் கட்டியவற்றில் 17 தடவை. இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய நவீன தனியறைகளில் 12 தான் கணக்கு. காசநோய் தொற்றும் அபாயம் பழைய வார்டில் 11 சதவீதம், இயந்திர அறையில் 39 சதவீதம் என்று கணித்தார்கள். காசு கூடக்கூடக் காற்று குறைந்திருக்கிறது.

எங்கள் ஊரில் இதை அளக்க லீமாவுக்குப் போகத் தேவையில்லை. நாற்சார் வீட்டின் நடு முற்றத்தில் சுடுகாற்று மேலே எழும், சுற்று விறாந்தையால் குளிர்ந்தது உள்ளே வரும். செத்தவீடும் கலியாணமும் முற்றத்துப் பந்தலில் நடந்தன. இன்று கலியாணம் ஏசி மண்டபத்தில். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் சாம்பிராணியும் பிரியாணியும் நானூறு பேரின் மூச்சும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். மேளச் சத்தத்துக்கு மேலாகக் காதுக்குள் கத்திக் கதைக்கவேண்டும், கத்தினால் வாயிலிருந்து நுண்துளி இன்னும் கூடும்.

ரியூட்டரிகளின் கதை இதைவிட மோசம். முன்பு ரியூசன் என்றால் கிடுகுக் கொட்டில். இடுப்பளவு அரைச்சுவர், அதற்கு மேல் வெறும் வெளி, நெருங்கப் போட்ட வாங்குகள், காற்றடித்தால் கொப்பியில் புழுதி. மழைச் சாரல் அடிக்கிற பக்கத்துப் பிள்ளைகள் எழும்பி மற்றப் பக்கம் நெருங்கி இருப்பார்கள். தொற்று நோக்கில் பார்த்தால் அது அருமையான கட்டடம். சோளகம் மெல்ல வீசினாலே அந்தக் கொட்டிலின் காற்று நிமிடத்துக்குப் பலமுறை மாறிவிடும். இப்போது அந்தக் காணியில் மாடி எழும்பிவிட்டது. திறக்க முடியாத கண்ணாடி, ஏசி, கதவு சாத்திய மண்டபம், முன்னூறு பிள்ளைகள், மூன்று மணித்தியாலம். ஆசிரியர் கையில் மைக் வந்தது ஒன்றுதான் நல்ல மாற்றம். தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை.

அந்த மண்டபத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காபனீரொட்சைட்டு மானி ஒன்று காட்டிவிடும். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து இலட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. நாங்கள் வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய 40,000 பங்கு. ஒரு மண்டபத்தில் மானி 1,200 காட்டினால், கழித்து வகுத்துப் பாருங்கள்: உள்ளே இழுக்கும் ஒவ்வொரு ஐம்பது மூச்சிலும் ஒரு மூச்சு ஏற்கெனவே இன்னொருவரின் நெஞ்சுக்குள் போய்வந்தது. 2,200 காட்டினால் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் ஒன்று. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்பே படுத்துவிடுகிறது என்று பெற்றோர் புலம்புவது சும்மா இல்லை.

“யன்னலைத் திறந்தால் நுளம்பு வருமே” என்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் காற்றோட்டம் பற்றி எவரும் உபதேசம் செய்யக்கூடாது. மாரி வந்தால் டெங்கு. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சலும் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. அவை காற்றால் வருபவையல்ல. டெங்குக்கு வளவே எதிரி, எலிக்காய்ச்சலுக்கு வயல் வெள்ளம். திறந்தவெளி எல்லா நோய்க்கும் வேலி ஆகாது. வெளியில் அடித்த கூடாரமும் வெளி ஆகாது. 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் வெட்டவெளி வெயிலில் கூடாரத்துக்குள் நெருக்கி அடைக்கப்பட்ட சனத்திடையே கொப்புளிப்பான் பரவியதை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நுளம்புக்கு வழி வலைதான். வலை அடித்தால் காற்றும் குறையும். ஆகவே யன்னல் பெரிதாக இருக்கவேண்டும், எதிர்ச்சுவரிலும் ஒன்று வேண்டும். அதுவும் போதாவிட்டால் உள்காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைச் சுவரின் மேற்பகுதியில் பொருத்தலாம். ஒரு ஏசியின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவல்ல. 2022 இல் மணிக்கணக்காக மின்சாரம் வெட்டப்பட்டபோது திறக்காத கண்ணாடி போட்ட கட்டடங்களுக்குள் இருக்கவே முடியாமல் எல்லோரும் படலையடிக்கு வந்தோம். அப்போதே அந்தக் கட்டடங்களின் இலட்சணம் தெரிந்துவிட்டது.

சட்டம் இல்லை என்று எவரும் சாட்டுச் சொல்லவும் முடியாது. 1914 இல் கொழும்பில் பிளேக் நோய் வந்தது. அடுத்த ஆண்டே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. தெருவுக்கும் வீட்டுக்கும் வெளிச்சம் விழவேண்டும் என்பதற்காகக் கட்டடத்தின் உயரத்தை ஒளிக்கோணம் வைத்துக் கட்டுப்படுத்தியது அந்தச் சட்டம். நூறு ஆண்டுக்கு முந்திய அதிகாரிகள் கட்டட அனுமதியையும் தொற்றையும் ஒரே கோவையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்று மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் மண்டபம், ரியூட்டரி, தனியார் மருத்துவ நிலையம் என்று வரைபடங்கள் அனுமதிக்கு வருகின்றன. வரைபடத்தில் யன்னல் இருக்கிறதா என்பதோடு அது திறக்குமா என்றும் கேட்கலாம். முன்னூறு பேர் இருக்கும் மண்டபத்தில் காபனீரொட்சைட்டு மானி ஒன்றை எல்லோருக்கும் தெரியும்படி மாட்டச் சொல்லலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒவ்வொன்றிலும் ஒரு மானி இருந்தால், டெங்குக்கு வளவு பார்க்க வரும் பரிசோதகர் ரியூட்டரி வாசலில் கால்மணித்தியாலம் நின்று அதையும் பார்த்துக்கொண்டு போகலாம். பாடசாலைகளின் அரைச்சுவர் வகுப்பறைகளைப் பழசென்று இடித்து, கண்ணாடி போட்டு அடைக்க நன்கொடை தரும் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களும் காசு அனுப்புமுன் இதையொரு கேள்வியாகக் கேட்கட்டும்: அந்த யன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கும், சோளகப் பக்கமா, வாடைப் பக்கமா?